ஆலை ஓடாமலே ஒரு வெள்ளோட்டம்



கோயிலுக்குப் புதிதாகத் தேர் ஒன்று செய்து முடித்தால், முதல் நாளே அதில் சுவாமியை எழுந்தருளச் செய்து வீதிக்குக் கொண்டு வந்துவிடமாட்டார்கள். வெறுந்தேராக ஒருமுறை இழுத்துப் பார்ப்பார்கள். அச்சு முனகுகிறதா, சக்கரம் ஒரு பக்கமாகச் சாய்கிறதா, தெருமுனையில் ஒழுங்காகத் திரும்புகிறதா, முட்டுக்கட்டை போட்டால் நிற்கிறதா என்றெல்லாம் கவனிப்பார்கள். இதற்கு வெள்ளோட்டம் என்று பெயர். கப்பலுக்கும் உண்டு, ரயிலுக்கும் உண்டு.

இன்று நான் பேச எடுத்துக்கொண்டது, தொழிற்சாலை யந்திரங்களை ஆட்டிவைக்கும் கணினி நிரல்களுக்கு வெள்ளோட்டம் விடுவது எப்படி என்பது. தேருக்கு வீதி இருக்கிறது. கூட்டம் இல்லாத ஒரு காலைப்பொழுதைப் பார்த்து இழுத்துவிடலாம். ஆலைக்கு அப்படி வசதி கிடையாது. கொதிகலனும் குழாய்களும் மோட்டார்களும் இருந்தால்தான் நிரல் ஓடும். நிரல் பிழையாக இருந்தாலோ அந்தக் கொதிகலனுக்கும் குழாய்களுக்கும், பக்கத்தில் நிற்கிற மனிதனுக்கும் ஆபத்து. ஆகவே கணினிக்குள் ஒரு பொய்யான ஆலையைக் கட்டி, அந்த ஆலையை நிரலின் கையில் கொடுத்து ஆட்டச் சொல்லிப் பார்க்கிறார்கள். தொழிற்சாலைக்காரர்கள் இதை ஆங்கிலத்திலேயே 'சிமுலேஷன்' என்பார்கள். நாம் பாவனை இயக்கம் என்று சொல்லிக்கொள்வோம்.

முதலில் அந்த நிரல் எங்கே குடியிருக்கிறது என்பதைப் பார்த்துவிடுவோம். எந்தத் தொழிற்சாலைக்குப் போனாலும் சுவரோரமாகச் சாம்பல் நிறத்தில் ஓர் இரும்பு அலமாரி நிற்கும். அதைத் திறந்தால் வரிசை வரிசையாகக் கம்பிகள். நடுவில் சிறு விளக்குகள் மினுக்கும் ஒரு பெட்டி. இதற்குப் 'பி.எல்.சி.' என்று பெயர். அதுதான் ஆலையின் மூளை என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அந்த உவமையில் அவ்வளவு உடன்பாடு இல்லை. மூளை யோசிக்கும், இது யோசிப்பதில்லை. சொன்னதைச் சொன்னபடி செய்யும் ஒரு கடுமையான கங்காணி என்று வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பெட்டி பிறந்த கதை சுவையானது. முன்னாளில் யந்திரங்களின் வரிசைக் கிரமத்தை 'ரிலே' எனப்படும் மின்காந்த சுவிட்சுகளே கவனித்துக்கொண்டன. கார்த் தொழிற்சாலையில் ஒவ்வோர் ஆண்டும் புதிய கார் மாதிரி வரும்போது, நூற்றுக்கணக்கான ரிலேக்களைப் பிடுங்கிக் கம்பிகளை மாற்றிக் கட்ட வேண்டும். இந்தத் தொல்லை தாங்காமல், 1968-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் ஒரு பிரிவு, கம்பியை மாற்றாமல் கட்டளையை மட்டும் மாற்றக்கூடிய ஒரு கருவி வேண்டும் என்று கேட்டது. டிக் மார்லி என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் அப்படி ஒன்றைச் செய்து கொடுத்தார்கள். 'மோடிகான் 084' என்று அதற்குப் பெயர். அவர்கள் கம்பெனியின் 84-ஆவது வேலை அது என்பதால் அந்த எண். ரிலே வரைபடங்களைப் படித்துப் பழகிய மின்வினைஞர்கள் மிரண்டுவிடக் கூடாது என்று, நிரலையும் அதே வரைபடம் போலவே, ஏணிப்படி மாதிரி எழுத வகை செய்தார்கள். இன்றும் பல ஆலைகளில் அந்த ஏணிப்படம்தான் புழங்குகிறது.

பெட்டி செய்கிற வேலை மூன்றுதான். வெளியிலிருந்து வரும் செய்திகளை வாசிக்கும்: இந்த சுவிட்ச் மூடியிருக்கிறதா, அந்தத் தொட்டியில் நீர் எவ்வளவு என்று. பிறகு நிரலை மேலிருந்து கீழாக ஒருமுறை நடந்து முடிவுகளைக் கணிக்கும். பிறகு அந்த முடிவுகளை வெளியே அனுப்பும்: மோட்டாரை ஓட்டு, வால்வை மூடு என்று. முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. ஒரு சுற்றுக்கு ஒரு விநாடியில் ஆயிரத்தில் சில பங்குகளே ஆகும்.

நீங்கள் அடுக்குமாடி வீட்டில் குடியிருந்தால், உங்கள் கூரைமேல் இருக்கும் தண்ணீர்த் தொட்டியை எண்ணிப் பாருங்கள். நீர் கீழ்க்கோட்டுக்கு இறங்கினால் பம்பு ஓட வேண்டும். மேல்கோட்டைத் தொட்டால் நிற்க வேண்டும். இவ்வளவுதானே, இதற்கு என்ன வெள்ளோட்டம் என்று தோன்றும். மேல்கோட்டில் இருக்கும் மிதவை, பாசி பிடித்து அசையாமல் நின்றுவிட்டால்? பம்பு ஓடிக்கொண்டே இருக்கும். நீர் வழிந்து கூரையில் பெருகும். கீழே இருக்கும் தொட்டியில் நீரே இல்லாதபோது பம்பு ஓடினால்? வெறுமையில் ஓடிக் கெட்டுப்போகும். மின்சாரம் போய் மீண்டும் வந்தால் பம்பு தானாக ஓடத் தொடங்க வேண்டுமா, ஆள் வந்து தொட்டால்தான் ஓட வேண்டுமா? ஒரு தொட்டிக்கே இத்தனை கேள்விகள். ஒழுங்காக நடக்கும்போது நிரல் என்ன செய்யும் என்பது ஒரு பங்கு. ஒழுங்கு தவறும்போது என்ன செய்யும் என்பது ஒன்பது பங்கு. வெள்ளோட்டத்தின் பயனெல்லாம் அந்த ஒன்பது பங்கில்தான் இருக்கிறது.

ஆரம்ப காலத்தில் இதற்கு ஒரு மரப்பலகை போதுமானதாக இருந்தது. பலகையில் பத்துப் பதினைந்து சுவிட்சுகளையும் விளக்குகளையும் பொருத்திப் பெட்டியோடு இணைப்பார்கள். விரலால் ஒரு சுவிட்சைத் தட்டினால், 'தொட்டி நிறைந்துவிட்டது' என்று பெட்டி நம்பிக்கொள்ளும். பம்புக்கு உரிய விளக்கு அணைகிறதா என்று பார்ப்பார்கள். நானும் அப்படிப்பட்ட பலகையில்தான் தொழில் கற்றேன். ஆனால் நூறு வால்வுகளும் இருநூறு சுவிட்சுகளும் உள்ள ஆலைக்கு மனிதனுக்குப் பத்து விரல் போதாது. அங்கேதான் மென்பொருள் கைகொடுக்கிறது.

இப்போது நம் நாட்டுக்குப் பழக்கமான ஓர் ஆலைக்கு வருவோம். செம்பனை எண்ணெய் ஆலையின் பக்கமாகப் போனவர்களுக்கு அந்த வாடை மறக்காது. தோட்டத்திலிருந்து வரும் பழக்குலைகளை முதலில் நீராவியில் அவிக்க வேண்டும். அவிக்காவிட்டால் பழத்தில் இயற்கையாக உள்ள ஒரு நொதி எண்ணெயைச் சிதைத்துப் புளிப்பேற்றிவிடும். தரமும் விலையும் இறங்கும். குலையிலிருந்து பழம் எளிதில் உதிர்வதற்கும் அவித்தல் அவசியம். இதற்காகப் பல ஆலைகளில், படுக்கவைத்த பெரிய உருளை போன்ற கலங்கள் இருக்கும். 'ஸ்டெரிலைசர்' என்பார்கள். பழம் நிரப்பிய கூண்டு வண்டிகளைத் தண்டவாளத்தின் வழியே உள்ளே தள்ளி, கதவை மூடி, நீராவியைத் திறப்பார்கள்.

நீராவியை ஒரே மூச்சாக விடுவதில்லை. முதலில் ஓரளவு ஏற்றி, சட்டென்று வெளியேற்றி, மறுபடி சற்று அதிகமாக ஏற்றி, மறுபடி வெளியேற்றி, மூன்றாம் முறை ஏறத்தாழ 3 பார் அழுத்தத்துக்கு உயர்த்தி அங்கேயே முக்கால் மணி நேரம் வரை நிறுத்துவார்கள். உள்ளே சிக்கிக்கொண்ட காற்றை விரட்டுவதற்காகவே இந்த ஏற்ற இறக்கம். முழுச் சுற்றுக்கும் ஒன்றேகால் மணியிலிருந்து ஒன்றரை மணி வரை பிடிக்கும். நீராவி உள்ளே வரும் வால்வு, வெளியே போகும் வால்வு, அடியில் தேங்கும் நீரை வடிக்கும் வால்வு என்று மூன்றையும் மாற்றி மாற்றித் திறந்து மூட வேண்டும். முன்பு ஓர் ஆள் கடிகாரத்தையும் அழுத்தமானியையும் பார்த்துக்கொண்டே கையால் செய்த வேலை. பல ஆலைகளில் இப்போது இது பி.எல்.சி.யின் பொறுப்பில் இருக்கிறது.

சுற்று முடிந்ததும் கதவைத் திறக்க வேண்டும். இங்கேதான் உயிர்ச்சமாச்சாரம். கதவின் குறுக்களவு 2.7 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் பரப்பு ஏறத்தாழ 5.7 சதுர மீட்டர். உள்ளே 3 பார் அழுத்தம் இருக்கும்போது அந்தக் கதவை வெளியே தள்ளும் விசை 170 டன் எடைக்கும் மேல். இது யாருக்கும் புரியும். அந்த நிலையில் கதவைத் தொட எவரும் நினைக்கமாட்டார்கள். ஆனால் அழுத்தம் 0.1 பாருக்கு இறங்கி, மானியின் முள் பூஜ்யத்தின் பக்கத்தில் நடுங்கிக்கொண்டிருக்கும்போதுகூட, கதவின் மேல் ஏறத்தாழ 6 டன் தள்ளுவிசை இருக்கிறது. முள்ளைப் பார்த்தால் 'முடிந்துவிட்டது' என்று தோன்றும், கதவுக்கோ முடியவில்லை. 'அழுத்தம் முற்றிலும் இறங்கிய பிறகே கதவின் பூட்டை விடுவிக்கலாம்' என்ற ஒரு வரி நிரலில் இருக்கிறதே, அது எந்த நிலையிலும் தவறக் கூடாத வரி.

இதை உண்மையான கலத்தில் சோதிக்கலாமே என்றால், பல இடையூறுகள். ஒரு சோதனைக்கு ஒன்றரை மணி நேரம், ஐம்பது சோதனைக்கு? பழம் வந்து குவியும் மாதங்களில் ஆலையை நிறுத்தவே முடியாது. வெட்டிய பழம் காத்திருக்கக் காத்திருக்க எண்ணெயின் தரம் கெடும். இவையெல்லாம்கூடப் பணக்கணக்கு. 'அழுத்தமானி கெட்டுப்போனால் என்ன ஆகும்' என்று பார்ப்பதற்காக, உள்ளே நீராவி நிறைந்த கலத்தின் மானியை வேண்டுமென்றே கெடுப்பதற்கு எந்தப் பொறுப்புள்ள மனிதன் துணிவான்?

சில ஆண்டுகளுக்கு முன் ஜொகூரில் ஓர் ஆலைக்கு இப்படி ஒரு நிரலைச் சரிபார்க்கும் வேலையில் நானும் இருந்தேன். நிரலை எழுதியவர் கெட்டிக்கார இளைஞர். அலுவலக அறையில் கணினித் திரையில் ஒரு பொய்க் கலத்தைக் கட்டியிருந்தோம். பொய்க் கலம் என்றால் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. நீராவி வால்வு திறந்திருந்தால் அழுத்தம் இந்த வேகத்தில் ஏறும், வெளியேற்றும் வால்வு திறந்திருந்தால் இந்த வேகத்தில் இறங்கும் என்று சில சமன்பாடுகள். பெட்டியும் பொய்தான், பி.எல்.சி. எப்படி நடந்துகொள்ளுமோ அப்படியே நடந்துகொள்ளும் ஒரு மென்பொருள். நிரல் மட்டும் உண்மையானது. நாளை ஆலையில் ஓடப்போகும் அதே நிரல்.

இரண்டு நாள் ஓட்டிப் பார்த்தோம். மூன்று ஏற்ற இறக்கமும் கோலம் போட்டாற்போல் வந்தன. எங்களுக்குப் பெருமிதம். மூன்றாம் நாள், அந்த ஆலையில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக அவிப்புக் கலத்தைக் கவனித்து வந்த ஒருவரை அழைத்து வந்து உட்காரவைத்தோம். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, கைகட்டித் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நெடுநேரம் கழித்துக் கேட்டார்: "தம்பி, அழுத்தம் காட்டுற மீட்டருக்குக் கம்பி வருதுல்ல, அது அந்துபோனா உங்க பெட்டி என்னா நெனச்சுக்கும்?"

அந்த இளைஞர் பதில் சொல்லாமல் விசைப்பலகையை இழுத்தார். பொய்க் கலத்தில் அழுத்தம் 3 பாரில் நிற்கும்போது, மானியிலிருந்து வரும் மின்னோட்டத்தை அறுத்தார். திரையில் அழுத்தம் உடனே பூஜ்யம் என்று காட்டியது. சுற்றை நிறுத்தும் பொத்தானை அமுக்கினார். 'கதவைத் திறக்கலாம்' என்று பச்சை விளக்கு எரிந்தது.

அறையில் சிறிது நேரம் யாரும் பேசவில்லை. கலத்துக்குள் முழு நீராவி இருக்கிறது. கதவின் பூட்டை விடுவிக்க நிரல் அனுமதி கொடுத்துவிட்டது. நாங்கள் எல்லோரும் படித்தவர்கள். எங்களில் ஒருவருக்கும் இந்தக் கேள்வி தோன்றவில்லை.

இதில் உள்ள நுட்பத்தைச் சற்று விளக்கிவிடுகிறேன். அழுத்தமானி தன் செய்தியை மின்னோட்டமாக அனுப்புகிறது. அழுத்தம் இல்லாதபோது 4 மில்லி ஆம்பியர். முழு அளவில் 20 மில்லி ஆம்பியர். அளவு 6 பார் வரை என்றால், 3 பாருக்கு 12 மில்லி ஆம்பியர் வரும். பூஜ்யத்துக்குப் பூஜ்ய மின்னோட்டம் என்று வைக்காமல் 4 என்று வைத்ததற்கு ஒரு முக்கிய காரணமே இதுதான். மானி உயிரோடு இருந்து 'அழுத்தம் இல்லை' என்று சொல்வது வேறு. செத்துப்போய் ஒன்றும் சொல்லாமல் இருப்பது வேறு. மின்னோட்டம் 3.6 மில்லி ஆம்பியருக்குக் கீழே இறங்கினால் அதைக் கருவிப் பழுது என்று கொள்வது தொழில் வழக்கம். நிரலில் அந்த வேறுபாடு எழுதப்படவில்லை. 4-க்குக் கீழே எது வந்தாலும் பூஜ்யம் என்று எடுத்துக்கொள் என்று எழுதியிருந்தார் அந்த இளைஞர். திரையில் கழித்தல் குறியோடு எண் வந்தால் அசிங்கமாக இருக்கும் என்பதற்காகச் செய்தது! திருத்துவதற்கு அரை மணி நேரம்கூட ஆகவில்லை. இனி கம்பி அறுந்தால் கதவு பூட்டியபடியே இருக்கும். அபாய மணி அடிக்கும்.

பெரியவர் அதோடு விடவில்லை. மானிக்குப் போகும் சிறு குழாயில் எண்ணெய்க் கசடு அடைத்துக்கொண்டால் என்ன என்று கேட்டார். இது முன்னதைவிடக் கடினமான கேள்வி. மானி உயிரோடுதான் இருக்கிறது. 4 மில்லி ஆம்பியர் ஒழுங்காக வருகிறது. ஆனால் சொல்வது பொய். பொய்க் கலத்தில் அதையும் செய்து பார்த்தோம். நீராவி வால்வு திறந்து சில நிமிடம் ஆகியும் அழுத்தம் ஏறவில்லை என்றால் அது நடக்க முடியாத காரியம் என்று நிரலுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டியிருந்தது. கலத்தின் வேறோர் இடத்தில் தனிக்குழாயில் இன்னோர் அழுத்த சுவிட்ச் வைத்து, இரண்டும் ஒத்துச் சொன்னால்தான் அனுமதி என்றும் மாற்றினோம்.

பாவனை இயக்கத்தின் அருமை இதில் தெரிகிறது. அன்று ஒரே பிற்பகலில் நாற்பதுக்கும் மேற்பட்ட விபத்துகளை நடத்திப் பார்த்தோம். மின்சாரத்தைப் பாதிச் சுற்றில் அறுத்தோம். வால்வை நடுவில் சிக்கவைத்தோம். இரண்டு பொத்தான்களை ஒரே நேரத்தில் அமுக்கினோம். ஒருவருக்கும் கை சுடவில்லை. ஒன்றரை மணிச் சுற்றைச் சில நிமிடங்களுக்குள் முடித்ததால்தான் இத்தனையும் இயன்றது. சில மென்பொருள்களில் பெட்டியின் கடிகாரத்தையே வேகமாக ஓட்டலாம். அந்த வசதி இல்லாதவர்கள் நிரலில் 40 நிமிடம் என்று இருப்பதை 40 விநாடி என்று தற்காலிகமாக மாற்றிச் சோதிப்பார்கள். பிறகு பழையபடி மாற்ற மறந்துவிட்டு, பழம் வேகாமல் வெளியே வந்த கதையும் தொழிலில் உண்டு. ஆகவே மாற்றிய இடங்களை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவைப்பது என் வழக்கம், இளைஞர்கள் சிரிப்பார்கள்.

இனி இதன் குறையைச் சொல்லவேண்டும். பொய் ஆலையைக் கட்டுகிறவருக்குத் தெரிந்தது எதுவோ அதுவே அதில் இருக்கும். நிரல் எழுதியவரே பொய் ஆலையையும் கட்டினால், அவருடைய அறியாமை இரண்டிலும் ஒன்றுபோல் குடியேறும். இரண்டும் ஒன்றையொன்று மெச்சிக்கொள்ளும். எங்கள் பொய்க் கலத்தில் வடிநீர் வால்வைத் திறந்தால் நீர் வடிந்துவிடும் என்றே எழுதியிருந்தோம். உண்மைக் கலத்தில் உதிர்ந்த பழமும் நாரும் வடிகாலை அடைத்துக்கொள்வது சாதாரணம். அழுத்தம் இறங்கிய பிறகும் அடியில் கொதிநீர் தேங்கி நிற்கும். கதவைத் திறந்தால் காலில் பாயும். இதையும் அந்தப் பெரியவர்தான் சொன்னார். எங்கள் சமன்பாடுகளுக்கு அது தெரியாது. உண்மை வால்வு திறப்பதற்குச் சில விநாடிகள் எடுக்கும் என்பதையும் முதலில் விட்டிருந்தோம். பொய் வால்வு கண்ணிமைக்கும் நேரத்தில் திறந்தது.

இந்தத் தவறு சிறியவர்கள் மட்டும் செய்வதன்று. 1996-ஆம் ஆண்டு ஜூன் 4-ஆம் தேதி, தென்னமெரிக்காவின் பிரெஞ்சு கயானாவில் உள்ள குரூ ஏவுதளத்திலிருந்து ஏரியான் 5 என்னும் ஐரோப்பிய ராக்கெட் முதன்முறையாகப் புறப்பட்டது. 40 விநாடி ஆவதற்குள் திசை தவறி உடைந்து சிதறியது. முந்தைய ராக்கெட்டான ஏரியான் 4-இல் நன்றாக ஓடிய திசையறி கருவியின் நிரலை அப்படியே புதியதற்கும் எடுத்துக்கொண்டிருந்தார்கள். புதிய ராக்கெட்டின் கிடைவேகம் பழையதைவிட விரைவாகக் கூடியது. அதையொட்டிய ஓர் எண், அதற்கென ஒதுக்கிய சிறு இடத்தில் அடங்காமல் போய், கருவி நின்றுவிட்டது. மாற்றாக வைத்திருந்த இரண்டாவது கருவியிலும் அதே நிரல்; ஆகவே அதுவும் அதே காரணத்தால் அதற்குச் சற்று முன்பே நின்றுபோயிருந்தது.

பாவனை இயக்கம் அவர்களிடம் இல்லாமலா? இருந்தது. ஆனால் முழு ராக்கெட்டையும் பாவனையில் ஓட்டிப் பார்த்தபோது, உண்மையான திசையறி கருவியை அதில் இணைக்கவில்லை. அது என்ன சொல்லும் என்று தாங்கள் எண்ணினார்களோ அதைச் சொல்லும் ஒரு பொய்யை அதனிடத்தில் வைத்தார்கள். அது ஏரியான் 4-இல் தேறிய கருவி என்ற நம்பிக்கை. விபத்துக்குப் பிறகு, அந்தக் கருவியின் உண்மையான நிரலையே எடுத்து, ஏரியான் 5 பறந்த பாதையின் கணக்கைக் கொடுத்துக் கணினியில் ஓட்டினார்கள். நடந்த விபத்து அச்சுமாறாமல் மறுபடி நடந்தது. புறப்படுவதற்கு முன்னே அதைச் செய்திருக்கலாம்.

இதனால்தான் தொழிலில் படிப்படியாகப் போகிறார்கள். முதலில் எல்லாமே பொய்யாக, கணினிக்குள். அடுத்து, பெட்டி மட்டும் உண்மையாக: ஆலையில் பொருத்தப்போகும் அதே பி.எல்.சி.யை மேசைமேல் வைத்து, அதன் கம்பிகளைப் பொய் ஆலையோடு இணைத்து ஓட்டுவார்கள். கணினிக்குள் தெரியாத வேகக் குறைவுகளும் இணைப்புக் கோளாறுகளும் இங்கே வெளிப்படும். அதன் பிறகு வாடிக்கையாளரை அழைத்து அவர் கண்முன்னே ஒரு சோதனை. கடைசியாக, உண்மை ஆலையில், நீராவி இல்லாமல் ஒருமுறையும் குறைந்த அழுத்தத்தில் ஒருமுறையும் ஓட்டிவிட்டுத்தான் பழம் ஏற்றுவார்கள். சிக்கனம் கருதி இந்தப் படிகளில் ஒன்றைத் தாண்டச் சொல்லும் முதலாளிகள் உண்டு. மென்பொருளில் எல்லாம் சரியாக வந்துவிட்டதே, இனி எதற்கு இத்தனை நாள் என்பார்கள். அப்போது விட்டுக்கொடுக்கக் கூடாது என்பது என் கட்சி.

அதேபோல், கதவின் பாதுகாப்பை நிரலின் தலையில் மட்டும் சுமத்துவதும் கூடாது. முறையாகச் செய்த கலத்தில், கதவின் பூட்டோடு பிணைத்த ஒரு சிறு கைவால்வு இருக்கும். அதைத் திறந்தால்தான் பூட்டு நகரும்; உள்ளே நீராவி மிச்சமிருந்தால் அது வழியாகச் சீறிக்கொண்டு வந்து காட்டிக்கொடுக்கும். அந்த இரும்புக்கு மின்சாரமும் வேண்டாம், நிரலும் வேண்டாம்.

தொழிற்பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் இந்த நிகழ்ச்சியைக் கேட்டுக்கொண்டிருந்தால் அவர்களுக்கு ஒரு செய்தி. நான் படித்த காலத்தில் ஒரு பி.எல்.சி.யைத் தொட்டுப் பார்க்க முப்பது பேர் வரிசையில் நிற்போம். இன்று அப்படி இல்லை. 'ஓப்பன் பி.எல்.சி.' என்ற இலவச மென்பொருள் சாதாரணக் கணினியையே பி.எல்.சி.யாக நடக்கச் செய்யும். 'கோடெசிஸ்' என்ற மென்பொருளையும் கட்டணமின்றி இறக்கிக்கொண்டு, அதிலுள்ள பாவனை வசதியில் பழகலாம். போர்த்துக்கல் நாட்டில் செய்யப்பட்ட 'ஃபேக்டரி ஐ.ஓ.' என்பதில் நகரும் பட்டைகளும் பெட்டிகளும் தொட்டிகளும் விளையாட்டுப்போல் திரையில் ஓடும். அவற்றை உங்கள் நிரலால் ஆட்டலாம். பெட்டிகள் சரிந்து விழும்போது வெட்கப்படத் தேவையில்லை. விழவைத்துப் பார்ப்பதற்காகவே அது இருக்கிறது. உங்கள் நிரலை நீங்களே சோதித்து நிறுத்திவிடாமல், நண்பன் ஒருவனிடம் கொடுத்துக் கெடுத்துக் காட்டச் சொல்லுங்கள். அவன் நிரலை நீங்கள் கெடுத்துக் காட்டுங்கள்.

ஜொகூர் ஆலையில் கடைசி நாள் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. உண்மைக் கலத்தில், உண்மைப் பழத்தோடு முதல் சுற்று. ஏற்றம், இறக்கம் எல்லாம் நாங்கள் திரையில் கண்டபடியே வந்தன. முடிவில் அழுத்தம் பூஜ்யம் என்று இரண்டு கருவிகளும் ஒத்துச் சொல்ல, பச்சை விளக்கு எரிந்தது. நிரல் எழுதிய இளைஞர் என்னைப் பார்த்துச் சிரித்தார். பெரியவர் விளக்கைப் பார்க்கவே இல்லை. கதவுக்கு நேரே நிற்காமல் ஓரமாக ஒதுங்கி, அந்தச் சிறு கைவால்வைத் திறந்து, அதன் வாயில் மெல்லிய வெண்புகை வந்து தேய்ந்து மறையும் வரை பார்த்துக்கொண்டே நின்றார். அதன் பிறகு வடிகாலை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, "இப்ப தெறக்கலாம் தம்பி" என்றார்.